சேலத்துல சமுதாயக் கல்லூரில ஒரு வருஷம்: கட்டுன 12,000 வசூலாச்சா?

மொதல்லயே சொல்லிடறேன், காலேஜ் பேரு போடல. திட்டுற எடமும் இருக்கு பாராட்டுற எடமும் இருக்கு, பேரு போட்டா திட்டுனது மட்டும் தான் ஊர் பூரா சுத்தும், அப்புறம் சனிக்கிழமை கிளாஸ் எடுத்த சார் மனசு வருத்தப்படுவாரு. சேலம் டவுனுக்குள்ள தான், ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு மேல ரெண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது, படி செங்குத்தா போகும். இந்த மாதிரி எடத்துல சேரலாமா வேணாமானு யோசிச்சுட்டு இருக்கறவங்களுக்காக எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க.

நான் யாருன்னா, வயசு 39, ப்ளஸ் டூ முடிச்ச கையோட கல்யாணம் ஆயிடுச்சு. வீட்டுக்காரர் கொலுசு பட்டறை வெச்சிருக்கார். செவ்வாய்ப்பேட்டைல வியாபாரிங்க கட்டி வெள்ளி குடுப்பாங்க, நாங்க கொலுசா பண்ணி எடை போட்டு திருப்பி குடுப்போம், கிலோவுக்கு இவ்ளோனு கூலி, சேதாரம் தனி. இத்தனை வருஷமா கணக்கு பூரா ஒரு நீள நோட்டு தான், அதுவும் அவர் கையெழுத்து அவருக்கே சில நாள் புரியாது. ஜிஎஸ்டி நம்பர் எடுக்கணுமா வேணாமானு பத்து பேர்கிட்ட கேட்டா பத்து பதில், ஆடிட்டர் ஆபீஸ் தம்பி "அக்கா கையெழுத்து மட்டும் போடுங்க மிச்சத்த நான் பாத்துக்கறேன்"னு சொல்லியே காசு வாங்கிட்டு இருந்தான். அப்போ தான் எங்க நாத்தனா இந்த எடத்துல மெடிக்கல் ரெக்கார்ட்ஸ், அதாவது ஆஸ்பத்திரில நோயாளிங்க ஃபைல பாத்துக்கற படிப்பு, படிக்க போறேன்னு சொன்னா, அண்ணி நீங்களும் வாங்க, ஒரே பஸ்ல போயிட்டு வந்துடலாம்னா. அவ்ளோ தான், சேந்தாச்சு.

சமுதாயக் கல்லூரினா என்னனு தெரியாதவங்களுக்கு: படிப்ப பாதில விட்டவங்க, கல்யாணம் ஆனவங்க, வேலைக்கு போயிட்டே படிக்கறவங்க, இவங்களுக்கான கைத்தொழில் மாதிரியான டிப்ளமோ. அமெரிக்காவுல பெருசா இருக்கற ஐடியா, நம்ம பக்கம் 1995ல பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி ஒண்ணு ஆரம்பிச்சது, அப்புறம் தமிழ்நாட்டுல நெறைய வந்துச்சு. எங்க எடத்துல ஃபைனான்ஸ் ஒரு டிப்ளமோ, மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் ஒரு டிப்ளமோ, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு பேப்பர், சேலம் மாவட்ட புவியியலும் வரலாறும். ஃபீஸ் 12,000, ரெண்டு தவணை. அந்த பொது பேப்பர் சிலபஸ்ல இருக்கறத பாத்ததும் நான் சிரிச்சேன், கொலுசு கணக்கு எழுத வந்தவளுக்கு எதுக்கு வரலாறுனு. அந்த சிரிப்புக்கு பின்னாடி வரேன்.

ஃபைனான்ஸ் பத்தி மொதல்ல. எங்க பேட்ச்சுல 22 பேரு, ஓடற கம்ப்யூட்டர் 8. கணக்கு போட்டுக்கோங்க, ஒரு சிஸ்டம் முன்னாடி மூணு பேர், நடுவுல உக்காந்தவங்க கை மட்டும் தான் கீபோர்டுல இருக்கும், ரெண்டு பக்கமும் இருக்கறவங்க எட்டி எட்டி பாக்கணும். அத விட கூத்து, கணக்கு எழுதற டேலி சாஃப்ட்வேருக்கு லைசன்ஸ் வாங்கல, எஜுகேஷனல் மோட்ல ஓட்டறாங்க. அதுல என்னன்னா மாசத்துல 1ந் தேதி, 2ந் தேதி, அப்புறம் 31, இந்த மூணு தேதி தான் போட முடியும். அதனால எங்க பட்டறைல மாசத்துக்கு மூணு நாள் தான் வேலை, மிச்ச நாள் பூரா லீவு! பழகறதுக்கு போதும் தான், இல்லைனு சொல்லல, எஃப்5 பேமென்ட் எஃப்6 ரிசீட் எஃப்8 சேல்ஸ்னு கை தானா போற அளவுக்கு வந்துடுச்சு, ஆனா 12,000 வாங்கறவங்க ஒரு லைசன்ஸாவது வாங்கி போடலாம்ல.

சொல்லிக்குடுத்த மேடம் நல்லவங்க, ஆனா அவசரம். டெபிட் கிரெடிட் ரெண்டு வாரத்துல முடிச்சு புக்குல இருக்கற "ராமு ஃபர்னிச்சர் வாங்கினார்" கணக்க போட்டுட்டே போயிட்டாங்க. எனக்கு அது மண்டைல ஏறல. ஒரு நாள் எங்க நீள நோட்டையே தூக்கிட்டு போயி, மேடம் இத டேலில ஏத்தி காட்டுங்கனு வெச்சேன். அன்னைக்கு தான் கிளாஸே கலகலனு ஆச்சு. வியாபாரி குடுக்கற வெள்ளிய நான் பர்ச்சேஸ்னு எழுதப் போனேன், மேடம் நிறுத்திட்டாங்க. அந்த வெள்ளி உங்களுதாம்மா? இல்ல. அப்போ அது பர்ச்சேஸும் இல்ல, திருப்பி குடுக்கறது உங்க சேல்ஸும் இல்ல, உங்க வருமானம் கூலி மட்டும் தான், இதுக்குனே டேலில மெட்டீரியல் இன், மெட்டீரியல் அவுட்னு தனி வவுச்சர் இருக்குன்னாங்க. கூலிக்கு செய்யறது ஜாப் ஒர்க், சேவைக் கணக்குல வரும், சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு வரம்பு வருஷத்துக்கு 20 லட்சம். வெள்ளி வெல எல்லாத்தையும் கூட்டி பாத்து கோடிக்கணக்குல வருதேனு ராத்திரி தூக்கம் கெட்டு போயிருந்த குடும்பம் எங்களது. கூலிய மட்டும் கூட்டினா அந்த வரம்புக்கு கிட்டக்கூட போகல. ஆடிட்டர் ஆபீஸ் தம்பி இத ஏன் சொல்லலனு கேக்காதீங்க, நானும் கேக்கல.

இன்னொண்ணு டிடிஎஸ். ஒரு வியாபாரி கூலில நூத்துக்கு ஒரு ரூபா புடிச்சுட்டு தான் குடுப்பார், நாங்க அது ஏதோ அவரோட கமிஷன்னு நெனச்சிட்டு இருந்தோம், வீட்டுக்காரர் மாசா மாசம் திட்டுவார். பாத்தா அது நம்ம பான் நம்பர்ல கவர்மென்ட்டுக்கு போற வரி, 26ஏஎஸ்னு ஒரு ஸ்டேட்மென்ட்ல வரிசையா தெரியுது, ரிட்டர்ன் போட்டா, நமக்கு வரி வரலன்னா திரும்ப வந்துடும். அந்த வருஷம் வந்துச்சு. எவ்ளோனு சொல்ல மாட்டேன், ஃபீஸோட ஒரு தவணை அதுலயே கழிஞ்சுது.

வட்டி கிளாஸ் ஒண்ணு மறக்கவே மாட்டேன். நம்ம ஆளுங்க வட்டிய ரூபாயில தான் பேசுவோம், ஒரு ரூபா வட்டி ரெண்டு ரூபா வட்டினு. ஒரு எடத்துல "12 பர்சென்ட் ஃப்ளாட்"னு லோன் குடுக்கறாங்கன்னா நான் என்ன நெனப்பேன், ஒரு ரூபா வட்டி தானே, சல்லிசு. மேடம் போர்டுல போட்டாங்க. 1 லட்சம், 12 மாசம், வட்டி 12,000, மாசம் 9,333 கட்டணும். ஆனா அசல் மாசா மாசம் குறைஞ்சுட்டே வருதுல்ல, கடைசி மாசம் நம்ம கைல இருக்கறது 9,000 கூட இல்ல, அப்பவும் வட்டி முழு லட்சத்துக்கே போட்ட கணக்கு தான். குறையற அசலுக்கு கணக்கு பாத்தா வருஷத்துக்கு 21 பர்சென்ட்டுக்கு மேல வருது. நம்ம பாஷைல ஒண்ணே முக்கா ரூபா வட்டி! கிளாஸ்ல மகளிர் குழு தலைவி ஒருத்தங்க இருந்தாங்க, அவங்க அன்னைக்கு முழுக்க பேசவே இல்ல.

ஜிஎஸ்டி ரிட்டர்ன் பத்தி ரொம்ப லேசா தான் நடத்தினாங்க, ஜிஎஸ்டிஆர்-1 11ந் தேதி, 3பி 20ந் தேதினு தேதி மட்டும் மனப்பாடம். போர்ட்டல்ல உள்ள போயி காட்டவே இல்ல, நெட் ஸ்லோனு ஒரே பாட்டு. வேலைக்கு போகணும்னு படிக்கறவங்களுக்கு இது பெரிய ஓட்டை.

இப்போ மெடிக்கல் ரெக்கார்ட்ஸ். இது நான் படிக்கல, நாத்தனா படிச்சா, ஆனா தினமும் பஸ்ல எனக்கு பாடம் நடத்துவா, அதனால பாதி எனக்கும் தெரியும். இந்த கோர்ஸ் தான் அங்க உண்மையாவே உருப்படியா நடக்குது. நடத்துனவங்க ஒரு ரிடையர் ஆன சிஸ்டர், முப்பது வருஷம் ரெக்கார்ட் ரூம்லயே இருந்தவங்க, குரல் மட்டும் இன்னும் ரிடையர் ஆகல.

ஃபைல எப்படி அடுக்கறதுனு ஒரு கிளாஸ். நாம என்ன நெனப்போம், 1, 2, 3னு வரிசையா வெக்க வேண்டியது தானே. அப்படி வெச்சா புது நோயாளி ஃபைல் எல்லாம் கடைசி அலமாரிலயே குவியும், எல்லாரும் அங்கயே முட்டிட்டு நிப்பாங்க. அதனால நம்பர பின்னாடி இருந்து படிக்கணுமாம். 24-61-37னு இருந்தா மொதல்ல 37ங்கற பகுதிக்கு போ, அதுல 61, அதுல 24. நூறு பகுதியா பிரிஞ்சு ஃபைல் எல்லா எடத்துக்கும் சமமா போயிடும், ஒரு ஃபைல் தப்பா வெச்சாலும் கலர் பட்டை மாறி இருக்கறது கண்ணுல பட்டுடும். இத கேட்டுட்டு எங்க வீட்டுக்காரர் பட்டறைல டிசைன் அச்சு டப்பாவ எல்லாம் அப்படி அடுக்க ஆரம்பிச்சு, ரெண்டு நாள் எதுவும் கிடைக்காம பழையபடி மாத்திட்டார், அது வேற கதை.

அப்புறம் நோய்க்கு கோடு நம்பர். உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-10 புத்தகம், பிபின்னா ஐ10, பெரியவங்களுக்கு வர்ற சாதா சுகர்னா இ11, நாய் கடிச்சா டபிள்யூ54, நல்லது கெட்டது எல்லாத்துக்கும் நம்பர். ஐசிடி-11 2022லயே நடைமுறைக்கு வந்துடுச்சு, ஆனா இங்க பாடம் இன்னும் 10 தான். அவ டாக்டர் சீட்ட படிச்சுட்டு வருவா, டிடிஎஸ்னு எழுதிருக்கு அண்ணினா எனக்கு ஒரு பர்சென்ட் புடிச்ச ஞாபகம் தான் வரும், அங்க டிடிஎஸ்னா மாத்திரை ஒரு நாளைக்கு மூணு வேளை. ரெண்டு பேரும் பஸ்ல இத வெச்சு சிரிச்சு சிரிச்சு கண்டக்டர் திரும்பி பாத்தார்.

இந்த கோர்ஸுக்கு நான் அஞ்சுக்கு அஞ்சு குடுக்கறதுக்கு காரணம் எங்க மாமியார். அவங்க அதுக்கு முந்தின வருஷம் ஒரு தனியார் ஆஸ்பத்திரில பத்து நாள் அட்மிட் ஆயிருந்தாங்க, பேரு வேணாம். அப்புறம் வேற டாக்டர்கிட்ட காட்ட பழைய கேஸ் ஷீட் வேணும்னு போனா இன்னைக்கு வா நாளைக்கு வானு ஒரு மாசம் இழுத்தாங்க, கடைசில ஃபைல் இல்லைன்னுட்டாங்க. சிஸ்டர்கிட்ட நாத்தனா சொன்னா. அவங்க போர்டுலயே எழுதினாங்க: மருத்துவ கவுன்சிலோட 2002 விதிமுறைப்படி உள்நோயாளி ரெக்கார்ட மூணு வருஷம் வெச்சிருக்கணும், நோயாளியோ அவங்க சார்பா வர்றவங்களோ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும். வாயால கேக்காத, எழுதி குடு, வாங்குனதுக்கு சீல் வாங்கிக்கோன்னாங்க. எழுதி குடுத்தோம், மாமியார் நடுங்கற கையால கையெழுத்து போட்டாங்க. மூணாவது நாள் இல்லாத ஃபைல் வந்துடுச்சு. ஜெராக்ஸ் 64 பக்கம், அதுல ரெண்டு பக்கம் வேற யாரோட ரிப்போர்ட்டோ! அத திருப்பி குடுக்கறதுக்கு இன்னொரு நாள் அலைஞ்சோம்.

சரி, நான் சிரிச்ச அந்த பொது பேப்பருக்கு வரேன். சனிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு போட்டாங்க, வேணும்னே யாரும் வரக்கூடாதுனு போட்ட மாதிரி. மொத்தம் 36 பேர்ல பத்து பேர் வந்தா பெருசு. எடுத்தவர் கிராமத்து ஸ்கூல்ல ஹெச்எம்மா இருந்து ரிடையர் ஆனவர், புத்தகம் கொண்டு வர மாட்டார், மேடு பள்ளம் எல்லாம் காட்டற, சுருட்டி வெச்ச ஒரு டோப்போ மேப் மட்டும்.

மொத நாளே என்னைய பாத்து, நீங்க என்னம்மா படிக்கறீங்கன்னார். ஃபைனான்ஸ் சார், ஜிஎஸ்டின்னேன். ஜிஎஸ்டி 2017ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி வேட், அதுக்கும் முன்னாடி சேல்ஸ் டாக்ஸ், அந்த சேல்ஸ் டாக்ஸுக்கு விதை போட்ட ஊர் எதுன்னார். யாருக்கும் தெரியல. நம்ம சேலம் தானாம். 1937 அக்டோபர் 1, ராஜாஜி மொதல் மந்திரியா இருந்து மதுவிலக்கு கொண்டு வந்தப்போ மொதல்ல சேலம் ஜில்லால தான் போட்டு பாத்தார், அவர் வக்கீலா இருந்து, முனிசிபாலிட்டி சேர்மனாவும் இருந்த ஊர். அப்புறம் ஒவ்வொரு ஜில்லாவா போட்டாங்க, கள்ளு சாராயத்துல வந்த வருமானம் போச்சு, அந்த ஓட்டைய அடைக்கணும்னு 1939ல விற்பனை வரி சட்டம் வந்துச்சு. வியாபாரிங்க எவ்ளோ கத்தியும் நிக்கல. நான் மண்டைய உடைச்சுட்டு இருக்கற சமாச்சாரத்தோட தாத்தா எங்க ஊர் கள்ளுக்கடைல பொறந்திருக்கார்னு அன்னைக்கு தான் தெரிஞ்சுது. அடுத்த சனிக்கிழமைல இருந்து ஒரு கிளாஸ் விடல.

அவர் பாடமே அப்படி தான், நம்ம கைல இருக்கற ஒண்ண புடிச்சு இழுப்பார். பட்டா சிட்டானு விஏஓ ஆபீஸ்க்கு அலையறோம்ல, அத வெச்சு 1792க்கு போனார், திப்புகிட்ட இருந்து இந்த பக்கம் கிழக்கிந்திய கம்பெனி கைக்கு போனது, அலெக்சாண்டர் ரீட் கலெக்டர், அவர் கூட தாமஸ் மன்றோ உதவிக்கு, நிலத்த அளந்து நேரா குடியானவங்ககிட்டயே வரி வாங்கற ரயத்துவாரி முறை இந்த பாராமகால் (இப்போ கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம்), சேலம் பக்கத்துல தான் தவழ்ந்து பழகுச்சுன்னார். 1944ல நீதிக் கட்சி மாநாடு இங்க நடந்து திராவிடர் கழகம்னு பேர் மாறினது, 1950 பிப்ரவரி 11ல சேலம் ஜெயிலுக்குள்ள துப்பாக்கிச் சூட்டுல 22 கம்யூனிஸ்ட் கைதிங்க செத்தது. இந்த கடைசி விஷயத்த சொல்லும்போது சார் மேப்ப சுருட்டி வெச்சுட்டார். தினமும் அந்த ஜெயில் பக்கமா தான் பஸ் போகும், நான் அந்த மதில பாத்ததே இல்ல.

புவியியலுக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஏற்காடு கூட்டிட்டு போனார், பஸ் காசு எங்களுது. டோப்போ மேப்புல 2 சென்டிமீட்டர்னா தரைல 1 கிலோமீட்டர், ஒரே உசரத்துல இருக்கற எடத்த சேக்கற கோடு தான் காண்டூர், ஒவ்வொரு காண்டூர் கோடும் 20 மீட்டர் உசரம். சேலம் சுமார் 280 மீட்டர், ஏற்காடு 1,500க்கு பக்கம், அப்போ அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும் எத்தனை கோடு தாண்டணும்னு கேட்டுட்டு பஸ்ல ஏத்திட்டார். அறுபது கோடு, 20 கொண்டை ஊசி வளைவு. எண்ணிட்டே போனதுல ரெண்டு பேருக்கு வாந்தி. கிலோமீட்டருக்கு ஆறரை டிகிரி குறையும், அப்போ மேல எட்டு டிகிரி குளிர்ச்சி, அதனால தான் கீழ மரவள்ளி மேல காப்பினு சொல்லி முடிக்கறதுக்குள்ள நாங்க ஸ்வெட்டர் இல்லாம நடுங்கிட்டோம்.

மேல லேடீஸ் சீட்ங்கற வியூ பாயின்ட்ல நிக்க வெச்சு ஊர காட்டினார். சுத்தி மலை வடக்க நகரமலை, தெக்க ஜருகுமலை, மேக்க கஞ்சமலை, கெழக்க கோதுமலை, நடுவுல தட்டுல வெச்ச மாதிரி சேலம். வெள்ளை வெள்ளையா சொறிஞ்சு வெச்ச மாதிரி தெரியறது மேக்னசைட், இரும்பு உருக்கற உலைக்கு உள்ள ஒட்டற செங்கலுக்கு போறது. கஞ்சமலைல இரும்புக் கல்லு, அதுக்கு அடில ஸ்டீல் பிளான்ட். நாம நிக்கற மலைல பாக்ஸைட் வெட்டி மேட்டூர்ல அலுமினியம் ஆச்சு. திருமணிமுத்தாறு இந்த மலைல தான் பொறந்து டவுனுக்குள்ள வருதுன்னு சொன்னப்போ தான் ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்களுக்கு அது சாக்கடைனு தான் தெரியும், மூக்க பொத்திட்டு பாலத்த தாண்டுவோம்.

அங்க தான் ஒரு சின்ன சம்பவம். சார், கலெக்டர் காக்பர்ன் 1820கள்ல காப்பி கொண்டு வந்ததுல இருந்து ஏற்காடு வரலாற ஆரம்பிச்சார். எங்க கூட மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் படிக்கற ஒரு பொண்ணு மலைக்கிராமம், மலையாளி சமூகம் (கேரளாக்காரங்க இல்ல, இந்த மலைல வாழற பழங்குடி), கிளாஸ்ல வாயே திறக்காது. சார் அதுக்கு முன்னாடி நாங்க இருந்தோமேன்னுச்சு. எங்க பெரியவங்க காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கனு பாட்டி சொல்லும், மே மாசம் சேர்வராயன் கோயில் திருவிழாக்கு எங்க ஊர் பூரா போவோம்னு சொல்லுச்சு. சார் ஒரு நிமிஷம் நின்னுட்டு, சரி அப்போ நீ நடத்து சாமினு ஓரமா உக்காந்துட்டார். அது கால் மணி நேரம் நடத்துச்சு. எனக்கு தெரிஞ்சு அந்த வருஷத்தோட நல்ல கிளாஸ் அது தான்.

அதே பொண்ணு தான் டிசம்பர்ல நின்னுடுச்சு. மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பேட்ச்ச சாயந்திரம் நாலரைக்கு மாத்திட்டாங்க, யாரையும் கேக்கல, ஏழு மணிக்கு விட்டா அது எந்த பஸ்ஸ புடிச்சு எப்போ மேல போயி சேரும். ஆபீஸ்ல சொன்னோம், மெஜாரிட்டிக்கு வசதியா இருக்குன்னாங்க. கட்டுன ரெண்டாவது தவணையும் திருப்பி தரல. ஒரு ஸ்டார் இல்ல ரெண்டு ஸ்டாரே இதுக்கு குறைக்கறேன்.

சேரணும்னு நெனக்கறவங்க ஆபீஸ்ல சர்டிஃபிகேட் எந்த யுனிவர்சிட்டி பேர்ல வரும், அரசு வேலைக்கு செல்லுமானு கேளுங்க, பதில எழுத்துல வாங்குங்க. எங்ககிட்ட செல்லும் செல்லும்னாங்க, எழுதி குடுங்கன்னதும் "அது டிபார்ட்மென்ட்ட பொறுத்து"னு மாறிடுச்சு. 100 சதவீதம் பிளேஸ்மென்ட்னு படிக்கட்டுல பேனர் இருக்கு, ஃபைனான்ஸ் பேட்ச்சுல எனக்கு தெரிஞ்சு நாலு பேருக்கு வேலை, அதுல ரெண்டு பேர் சொந்தக்காரங்க கடைல. நாத்தனாவுக்கு மட்டும் சிஸ்டர் சொல்லி ஒரு ஆஸ்பத்திரில ரெக்கார்ட் ரூம்ல எடுத்துருக்காங்க, சம்பளம் கம்மி, ஆனா உக்காந்த வேலை.

மெடிக்கல் ரெக்கார்ட்ஸ்னா அந்த சிஸ்டர் இருக்கற வரைக்கும் கண்ண மூடிட்டு சேருங்க. ஃபைனான்ஸுக்கு சொந்தமா கடையோ பட்டறையோ இருந்து நம்ம நோட்டோட போனா வசூல், வேலைக்குனு போறீங்கன்னா ஜிஎஸ்டி போர்ட்டல் நேரா காட்டற எடமா பாருங்க. சனிக்கிழமை ரெண்டு மணிய மட்டும் விட்ராதீங்க, கிளாஸ் முடிஞ்சு கீழ எறங்குனா எதிர்ல தட்டுவடை செட்டு கடை, சார் தான் காசு குடுப்பார், நாம குடுக்க போனா கோவம் வரும்.